மாடியில் டாக்டர், கீழே லேப்

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குத்தியதே தெரியாது. வீறிட்டு அழும் குழந்தைகூட அவள் பேச்சில் வாய் பிளந்து நிற்கும். அதற்குள் வேலை முடிந்திருக்கும். சம்பளம் மட்டும் ஏறவே இல்லை. அடுத்தவனுக்கு உழைத்துத் தேய்ந்தது போதும் என்று அவள் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லேப் விலைக்கு வந்தது. மாடியில் ஒரு டாக்டரின் கிளினிக், கீழே லேப். நடத்திவந்த பெரியவர் மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார்.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் அவள் வாங்கிவிடவில்லை. லீவு போட்டுவிட்டு லேப்பிலேயே உட்கார்ந்து பார்த்தாள். பெஞ்சில் இடமில்லாமல் வாசலில் ஆட்கள் நின்றார்கள். மிஷின்களைத் திறந்து பார்த்தாள். வாடகை ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். ஆடிட்டர் வரவு செலவைப் புரட்டிவிட்டு, "சுத்தமா இருக்கும்மா, தாராளமா வாங்கலாம்" என்றார்.

கடனுக்கு பேங்கில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். வீடு மாமியார் பேரில். ஸ்கூல் வேன் ஓட்டும் அவள் புருஷனுக்கு அம்மாவிடம் அந்தப் பேச்சை எடுக்கவே துணிச்சல் வரவில்லை. அவளே போய்க் கேட்டாள்.

"அவன நம்பிப் போடல, உன்ன நம்பிப் போடறேன்" என்று சொல்லி மாமியார் கையெழுத்துப் போட்டாள்.

முதல் மாதம் முடிந்த அன்று மாடியிலிருந்து கம்பவுண்டர் இறங்கி வந்தார்.

"டாக்டர் கவர் வாங்கிட்டு வரச் சொன்னாருக்கா."

"என்ன கவர்?"

"பெரியவர் சொல்லலையா? மேலருந்து வர்ற ஒவ்வொரு டெஸ்ட் சீட்டுக்கும் பாதிப் பணம் மேலயே போயிடணும்."

ஆடிட்டர் பார்த்த கணக்கில் வரவெல்லாம் முழுசாக இருந்தது. இந்தக் கவர் மட்டும் எங்கும் இல்லை. விறுவிறுவென்று மாடி ஏறினாள்.

"பாதிய கொடுத்துட்டா நான் தவணை எப்படி சார் கட்டறது?"

டாக்டர் கோபப்படவில்லை. "நீங்க வாங்கினது மிஷினயும் நாற்காலியயும்தாம்மா. பேஷண்ட் என்னோட ஆளுங்க."

முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மறுநாளிலிருந்து ஆட்கள் அவள் வாசலைத் தாண்டிப் போனார்கள். கையிலிருந்த சீட்டில் எதிர்த்தெரு லேப்பின் பேர். அவள் ஈ ஓட்டினாள். பெரியவருக்குப் போன் போட்டாள்.

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையேம்மா. கேட்டதுக்கெல்லாம் உண்மையத்தானே சொன்னேன்?"

வாயில் வந்ததைக் கொட்டுவதற்குள் அவர் வைத்துவிட்டார்.

தவணை தவறியது. பேங்க் ஆள் வீட்டுக்கே வந்து, தெருவே கேட்கப் பேசிவிட்டுப் போனான். சாப்பிட உட்கார்ந்த மாமியார் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. காலையில் தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கி, கவரில் போட்டுக்கொண்டு ஊசியக்கா மாடி ஏறினாள்.

"கட்டுபடியாகாதுன்னு பயப்படாதீங்க. டெஸ்ட்ட கொஞ்சம் கூட்டிட்டா சரியாப் போச்சு" என்றார் டாக்டர்.

சீட்டுகள் நீண்டன. வெறும் சளிக்கு வந்த கொத்தனார் ஒருவர் தன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனையும் வேணுமாம்மா? இந்த வாரக் கூலி பூரா போயிடுமே."

பாதிக்கு மேல் வேண்டாதது என்று அவளுக்குத் தெரியும்.

"டாக்டர் எழுதியிருக்காருங்க. கைய நீட்டுங்க."

நம்பி நீட்டினார். வழக்கம்போல வலிக்காமல் எடுத்தாள். "நல்ல கைம்மா உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷன்மேல் அவளுக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

கடன் கெடுவுக்கு முன்பே அடைந்தது. பத்திரத்தை மாமியார் கையில் கொடுத்தாள். பேங்க் மேனேஜர் எழுந்து நின்று கைகுலுக்கி, இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் தருவதாகச் சொன்னார். புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பக்கத்து ஊர்ல ஒரு லேப் விலைக்கு வருதாம். மிஷினெல்லாம் புதுசாம். போய்ப் பாத்துட்டு வரலாமா?"

"மிஷின் கெடக்கட்டும்" என்றாள் ஊசியக்கா. "அங்க டாக்டர் எப்படி? நெறைய எழுதுவாரா?"