அறுபதுக்குக் கீழே இறங்காது

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அனல்மின் நிலையத்தில் சேர்ந்து பத்து வருடம் ஆவதற்குள் அது சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது. வாசல் காவலாளி முதல் தலைமைப் பொறியாளர் வரை எல்லோருக்கும் அவர் ‘அறுபது’தான். வயதை வைத்து வந்த பெயர் அல்ல. அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் அவர் ஷிஃப்ட் பொறுப்பாளர். மேசைமேல் ஒரு கறுப்புத் தொலைபேசி. மறுமுனையில் மூன்று மாகாணங்களுக்கும் பொதுவான மின் பகிர்வு மையம். பக்கத்து மாகாணத்தில் காற்றாலைகள் அதிகம். காற்று மாதங்களில் அங்கே மின்சாரம் கொட்டும். அதைக் கம்பியில் ஏற்ற இடம் வேண்டுமென்றால் நிலக்கரி எரிக்கிறவர்கள் உற்பத்தியைக் குறைத்துக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதைக் கேட்கத்தான் அந்தத் தொலைபேசி அடிக்கும்.

“சார், இங்க காத்து நல்லா அடிக்குது. நூத்துக்கு நாப்பதுக்கு இறக்க முடியுமா?”

“அறுபதுக்குக் கீழ இறங்காது.”

“ஒரு அம்பது?”

“தம்பி, இது பாய்லர். உங்க வீட்டு கேஸ் அடுப்பு இல்ல. நெருப்பு அணைஞ்சா நீ வந்து ஊதுவியா?”

வைத்துவிடுவார். அறையே சிரிக்கும். பெரிய மனிதர்களிடம் இப்படிப் பேச ஒரு தைரியம் வேண்டும் என்று கேன்டீனில் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் போகும். மனிதன் மயங்கிப் போக வேறென்ன வேண்டும்?

ஆரம்பத்தில் அது உண்மைதான். அதை மறைக்கக் கூடாது. கரியை ஊதி எரிக்கும் பழைய பர்னர்கள் இருந்த காலத்தில் கரியைக் குறைத்தால் நெருப்பு தள்ளாடும். வேலைக்கு வந்த முதல் வருடம் யாரோ சொன்னார்கள் என்று ஒருநாள் இறக்கப் போய், நெருப்பு அணைந்து, நிலையமே நின்றுவிட்டது. அன்றிருந்த அதிகாரி அவரைக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே ஒரு ஷிஃப்ட் முழுக்க நிற்க வைத்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். சூடு கண்ட பூனைதான் அதற்குப் பிறகு.

ஆனால் அவருக்கு நாற்பத்தொரு வயதானபோது புது பர்னர்கள் வந்தன. மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு உதவியாளர்களை மட்டும் வைத்துக்கொண்டு மெல்ல இறக்கிப் பார்த்தார். ஐம்பது. நாற்பத்தைந்து. நாற்பது. முப்பத்தெட்டு. நெருப்பு சொன்ன பேச்சைக் கேட்டு அப்படியே நின்றது. இருபது நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றினார். மையத்திலிருந்து என்ன ஏது என்று கேட்டபோது மீட்டர் கோளாறு என்றார். பதிவேட்டில் அறுபத்திரண்டு என்று எழுதினார்.

“யாரும் வெளியில மூச்சு விடக் கூடாது” என்றார் உதவியாளர்களிடம். “இன்னைக்கு நாப்பதுன்னு சொன்னா நாளைக்கு முப்பது கேப்பான். இடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்குவான்.”

அவர்களும் மூச்சு விடவில்லை. குறைந்த சுமையில் ஓட்டினால் கால் மணிக்கு ஒருமுறை கொதிகலனின் இரும்புப் படிகளில் ஏறி, கண் வைத்துப் பார்க்கும் துளை வழியாக நெருப்பைப் பார்த்துவிட்டு வர வேண்டும். மேசையில் இருப்பவர் மீட்டர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அறுபதில் ஓடினால் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. நாற்காலி உண்டு, டீ உண்டு, செய்தித்தாள் உண்டு. யாருக்குக் கசக்கும்?

கசந்தது அவர் மனைவியின் தம்பிக்கு. அவன் பக்கத்து மாகாணத்தில் காற்றாலை மெக்கானிக். கோபுரம் ஏறி இறங்கி உள்ளங்கை காய்த்துப் போனவன். காற்று மாதத்தில் அவனுக்குத் தலைக்குமேல் வேலை இருக்க வேண்டும். அவனோ அக்காவைப் பார்க்க வந்து உட்கார்ந்திருப்பான்.

“காத்து சும்மா பிச்சிக்கிட்டு போகுது மாமா. நாங்க விசிறியைக் கட்டிப் போட்டுட்டு கீழ சீட்டு ஆடிக்கிட்டு இருக்கோம். உங்க பக்கத்துல கரி இறங்க மாட்டேங்குதுன்னு சொல்றாங்க.”

“மெஷின்னா அப்படித்தான்டா” என்பார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

இப்படியே மூன்று காற்றுக்காலம் போனது. விற்க முடியாத காற்றை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? இழுத்து மூடினார்கள். அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் வீட்டார், “பையனுக்கு ஒரு வேலை அமையட்டும், பாக்கலாம்” என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்தான். பதினோரு மாதம் இருந்தான்.

அந்தப் பதினோரு மாதமும் அறுபதுக்கு நல்ல பொழுதுபோக்கு. வீட்டுக்கு யாராவது வந்தால் மச்சினனை அறிமுகப்படுத்துவார். “இவர்தான் நம்ம காத்து ஆபீசர். காத்து நின்னா இவரும் நிப்பார். இப்ப நிரந்தரமா நின்னுட்டார்.” வந்தவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான், தட்டைப் பார்த்தபடி. மனைவி தம்பிக்கு இன்னொரு கரண்டி வைப்பாள். காரணம் தன் கையிலேயே இருக்கும்போது ஒரு மனிதனால் எப்படி இந்த வாயைத் திறக்க முடிந்தது? எழுதுகிற எனக்குத்தான் ஆத்திரம் வருகிறது. அவருக்கு அன்றைக்கெல்லாம் நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூக்கம் வந்தது.

பிறகு அவனுக்கு மூன்று மாகாணங்களின் கூட்டுத் திட்டக் குழுவில் வேலை கிடைத்தது. மின் நிலையம் மின் நிலையமாகப் போய் அளவெடுக்கும் வேலை. கிளம்பும்போது அக்கா காலைத் தொட்டான். மாமாவிடம், “வரேன் மாமா” என்றான்.

அந்தக் குழு ஒரு திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. இனி வெயிலும் காற்றும்தான் பிரதானம். மூன்று மாகாணங்களிலும் இருக்கும் நான்கு நிலக்கரி நிலையங்களில் மூன்றை மூடுவது. காற்றும் வெயிலும் கைவிடும் நாட்களுக்காக ஒன்றை மட்டும் பொதுவில் வைத்துக்கொள்வது. அந்த ஒன்று, வேண்டும்போது ஏறவும் வேண்டாதபோது நன்றாக இறங்கவும் தெரிந்ததாக இருக்க வேண்டும். அவரவர் கொடுத்த கணக்கை வைத்து ஒரு பட்டியல் வந்தது. மூன்றாவது மாகாணத்தின் கிழட்டு நிலையம் ஐம்பது வரை இறங்கும் என்று போட்டிருந்தது. இவர்களுடையது அறுபது. எதிரே, ‘மூடலாம்’.

நானூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடம். தலைமைப் பொறியாளர் அவரைக் கூப்பிட்டுப் பட்டியலை நீட்டினார்.

“என்னய்யா இது?”

“ஒரு டெஸ்ட் கேளுங்க சார். முப்பத்தெட்டுக்கு இறக்கிக் காட்டறேன்.”

“இறங்குமா?”

“வெண்ணெய் மாதிரி இறங்கும்.”

தலைமைப் பொறியாளர் சோதனை கேட்டுக் குழுவுக்கு எழுதத் தாளை எடுத்தார். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

சோதனை நாளன்று குழுவிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். தலைவி பக்கத்து மாகாணத்துப் பொறியாளர், அதிகம் பேசாதவர். பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தவன் மச்சினன். “வணக்கம் சார்” என்றான். அறுபது அதைக் கவனிக்கவில்லை. அன்று அவருக்குக் கல்யாண மாப்பிள்ளை மிதப்பு. நடைபாதையில் கேன்டீன்காரர் வரைக்கும் கூடி நின்றார்கள். ஒன்பது வருடம் ஒளித்துவைத்த வித்தையை ஊரறியக் காட்டும் நாள்.

இறக்கினார். முள் அறுபதைத் தாண்டியபோது யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். ஐம்பது. நாற்பத்தைந்து. முப்பத்தெட்டில் நிறுத்தி, நான்கு மணி நேரம் அசையாமல் வைத்திருந்தார். நடைபாதையில் கைதட்டினார்கள். தலைவிகூட, “நல்லா ஓட்டறீங்க” என்றார். நிலையம் பிழைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மச்சினன் கையில் ஒரு படிவம் இருந்தது. எல்லா நிலையத்திலும் கேட்கும் அச்சடித்த கேள்விகள். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவன், கடைசிக் கேள்வியைப் படித்தான்.

“இந்த அளவுக்கு இறக்கறதுக்காக மெஷின்ல ஏதாவது மாத்தினீங்களா சார்?”

எதையாவது மாற்றினோம் என்றால் செலவு வைக்கும் நிலையம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கவலை அறுபதுக்கு. கைதட்டல் வேறு இன்னும் காதிலேயே இருந்தது. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

“ஒரு ஆணி கூட மாத்தலை. ஒம்பது வருஷமா அதே பர்னர்தான்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மச்சினன் பேனா அந்தரத்தில் நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு குனிந்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதினான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தலைவி அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். “அப்ப ஒம்பது காத்து சீசன்” என்றார். கத்தவில்லை. “நாங்க கெஞ்சிக் கேட்டப்பல்லாம் உங்களால முடிஞ்சிருக்கு.”

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. இயந்திரம் நல்ல இயந்திரம். சொல்லப்பட்ட கணக்கு பொய்க் கணக்கு. மூன்று மாகாணங்களுக்கும் பொதுவான அடுப்பை, பொய் சொல்கிறவர்கள் கையில் கொடுக்க முடியாது. ஐம்பது வரைதான் இறங்கும் என்று சொல்லி, சோதித்தபோதும் ஐம்பது வரைதான் இறங்கிய அந்தக் கிழட்டு நிலையமே வெளிச்சத்துக்குக் காவலாக இருக்கட்டும் என்று முடித்திருந்தார்கள்.

முதல் இரண்டு நாள் எல்லோரும் மச்சினனைத் திட்டினார்கள். “உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டான். அக்கா வீட்டு சோத்தைத் தின்னுட்டு எழுதிக் குடுத்துட்டான் பாரு.” மூன்றாம் நாள் அது திரும்பியது. அந்த மழை ஞாயிற்றுக்கிழமை கூட இருந்த உதவியாளர்கள் இருவரும், ‘அவர் சொன்னார், நாங்கள் செய்தோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். தொலைபேசியில் அவர் பேசுவதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவர்கள், இப்போது எதிரே வந்தால் வேறு வழியில் போனார்கள். கேன்டீன்காரர் டீயை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, தம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

நான்காம் நாள் காலை, நிலையத்து ஊழியர் குடியிருப்பில் அவர் வீட்டு வாசலை மறித்து யாரோ ஒரு வண்டி நிலக்கரிச் சாம்பலைக் கொட்டியிருந்தார்கள். கதவைத் திறந்ததும் முழங்கால் உயரத்துக்கு உள்ளே சரிந்தது. சன்னமான சாம்பல், வாரினால் பறக்கும், தண்ணீர் விட்டால் ஒட்டிக்கொள்ளும். மனைவி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு முறத்தால் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கவா?” என்றாள், அள்ளுவதை நிறுத்தாமல்.

“கேளு.”

“தம்பி நம்ம வீட்டுல வந்து இருந்தானே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா, அது இறங்கும்னு?”

“தெரியும்.”

“அவனை வச்சு வந்தவங்க கிட்டல்லாம் சிரிச்சீங்களே, அப்பவும்?”

ஆமென்று அவர் தலையை ஆட்டினார்.

“அப்புறம் ஏன் இறக்கலை?”

பெரிய காரணம் ஒன்று இருக்கும் என்றுதான் அவரும் நினைத்தார். இயந்திரத்தின் பாதுகாப்பு, நிலையத்தின் மரியாதை, நானூறு குடும்பம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் உண்மையைச் சொன்னார்.

“இறக்கினா ஷிஃப்ட் முடியற வரைக்கும் உக்கார முடியாது.”

அவள் கை நின்றது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”