தெருவுக்கெல்லாம் ஒரே மணல்

நகராட்சி வீட்டு வரிப் பிரிவில் வேலை பார்க்கும் அந்த அம்மாளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவர் டேப்பக்கா. தோளில் முப்பது மீட்டர் டேப் வைத்த பை, கக்கத்தில் பதிவேடு, காலில் தேய்ந்த செருப்பு. இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாக அளந்து வருகிறார். எந்த வீட்டு மாடிப்படி வழுக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்பதெல்லாம் மனப்பாடம்.

அளப்பதில் அக்காவுக்குச் சிரமமில்லை. அளந்ததை எழுதுவதில்தான் சிரமம். கட்டி முடித்த வீட்டுக்குத்தான் வரி என்பது சட்டம். சட்டம் காதில் விழுந்த நாளிலிருந்து அந்த ஊரில் ஒருவரும் வீட்டைக் கட்டி முடிக்கவில்லை. குடிவருவார்கள், பிள்ளை பெறுவார்கள், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமும் செய்துவிடுவார்கள். மொட்டை மாடியில் மட்டும் நாலு கம்பி நீட்டிக்கொண்டே இருக்கும். வாசலில் மணலோ ஜல்லியோ கிடந்தால் வேலை நடப்பதாகத்தான் எழுத வேண்டும் என்று ஒரு விதி வேறு. மாவு மில்காரர் கம்பி துருப்பிடிக்கக் கூடாதென்று வருடா வருடம் அதற்குப் பெயிண்ட் அடிப்பார். அவர் வீட்டில் பெயிண்டைக் கண்ட ஒரே இடம் அதுதான்.

இத்தனை நாளும் அக்கா சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். இந்த வருடம் விட முடியவில்லை. காரணம், குடிநீர்க் குழாய். பாதிப் பணம் தருகிறோம், மீதிக்கு ஊர் தன் வரியைக் காட்டட்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். வருடக் கடைசிக்குள் இருநூறு வீடு புதிதாகப் பட்டியலில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் குழாய் அடுத்த ஊருக்கு. மற்ற தெருக்களில் கெஞ்சியும் கொஞ்சியும் நூற்று அறுபத்தாறு வீட்டை ஏற்றிவிட்டார். மிச்சம் முப்பத்துநாலு. அவர் குடியிருக்கும் தெருவில் முப்பத்தாறு வீடு. அதில் ஒன்றுகூட முடிந்தபாடில்லை.

ஊருக்காகத்தான் என்று ஆபீசில் சொல்லிக்கொண்டாலும், அக்காவுக்கு அந்தக் குழாய் தன் முழங்காலுக்காகவே வேண்டும். போன வருடம் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடி வழுக்கி விழுந்த முழங்கால் அது. இன்னும் ஒரு வருடம் அந்த வரிசையில் நில் என்றால் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவார். அவ்வளவு வெறுத்துப் போயிருந்தது. அந்தக் காலோடு ஒரு நாளைக்கு ஒரு வீட்டு மாடிதான் ஏற முடிந்தது.

அன்றைக்கு மில்காரர் வீடு.

"முதல்ல தண்ணி வரட்டும்க்கா. வந்த மறுநாளே வீட்டை முடிச்சுடறேன்" என்றார் அவர்.

"வரி வந்தாத்தாண்ணே தண்ணி வரும்."

"தெரு விளக்குக்கும் இப்படித்தான் சொன்னாங்க. வந்துச்சா?"

கம்பம் வந்தது. விளக்குதான் வரவில்லை.

"அதை விடுங்க. உங்க ஆபீஸ் மாடியில கம்பி நீட்டிக்கிட்டு இருக்கே, அது முடிஞ்சிருச்சா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அக்காவுக்கு. நகராட்சிக் கட்டடத்தின் மாடி பதினோரு வருடமாக அப்படியே நிற்கிறது. தலையைக் குனிந்தபோதுதான் வாசல் மணல் குவியலிலிருந்து ஒரு நீல மக்கின் விளிம்பு எட்டிப் பார்ப்பது தெரிந்தது. நேற்று மருந்துக் கடைக்காரர் வீட்டு மணலிலும் இப்படி ஒரு நீலம் தெரிந்ததே. முந்தாநாள் தையல்காரம்மா வீட்டிலும்.

குனிந்து வெளியே இழுத்தார். பிடி உடைந்த மக். அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் மூன்று புள்ளி. லாரி வரிசையில் மாறிப் போகாமலிருக்க அக்கா தன் பாத்திரங்களுக்கு வைத்திருக்கும் அடையாளம். ஒரு மாதமாக இதைத் தேடிக்கொண்டிருந்தார். எலி தூக்கிப் போயிருக்கும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவர் அவர் வீட்டுக்காரர்.

"இந்த மணலை யாருண்ணே கொட்டினது?"

மில்காரருக்குப் பொய் சொல்ல நேரம் போதவில்லை. "உங்க வீட்டு அண்ணன்தான். வாடகைகூட வாங்கிக்கல. தங்கமான மனுஷன்க்கா."

தங்கமான மனுஷன் வீட்டில் தன் லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா மக்கை அவர் முன்னால் வைத்தார்.

"பின்னாடி பாத்திரம் கழுவுற இடத்துல கெடந்த நம்ம மணல் எங்கங்க?"

"மழையில கரைஞ்சிருக்கும்."

"மழை எப்பங்க பெஞ்சுது?"

அவர் அசடு வழிந்தார். "கேட்டாங்க. இல்லன்னு சொல்ல மனசு வரல. எந்த வீட்டுக்குப் போறேன்னு தினமும் நீதானே சொல்றே. நீ போறதுக்குள்ள அங்க கொண்டுபோய்க் கொட்டிடுவேன்."

"ஊருக்கு வர்ற தண்ணியைக் கெடுக்க நம்ம வீட்டு மணலா?"

"என்னை ஏன் திட்டுறே? நம்ம வீடு முடிஞ்சிருச்சா? கொஞ்சம் நிமிந்து பாரு."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். சொந்த மாடியில் நாலு கம்பி. இரண்டுக்கு நடுவே கொடி கட்டி, அதில் அவருடைய புடவையே காய்ந்துகொண்டிருந்தது. பதிவேட்டில் இந்த வீட்டுக்கு எதிரே 'வேலை நடக்கிறது' என்று எட்டு வருடமாகத் தன் கையாலேயே எழுதி வந்திருக்கிறார். கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை மணல் திரும்பி வந்தது. கொத்தனார் வந்து கம்பிகளை அறுத்தார். எட்டு வருடமாகச் செங்கல் தெரிய நின்ற மாடிச் சுவருக்குப் பூச்சு ஏறியது. ஒரு பிடி மணல் மிஞ்சவில்லை. தெருவே வாசலில் நின்று பார்த்தது. கடைசியில் மில்காரர் மெல்லக் கிட்டே வந்தார்.

"நாளைக்கு யார் வீடுக்கா?"

"திரும்பவும் உங்க வீடுதாண்ணே."

"மணல்?"

"செவுத்துல இருக்கு. வேணும்னா தொட்டுப் பாத்துக்குங்க."

அக்கா டேப்பின் ஒரு நுனியைக் கணவரிடம் கொடுத்தார். "கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடிக்கவா?" என்று அவர் காதோடு கேட்டார். "ஓரத்துலேயே வச்சுப் பிடிங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, நூற்று அறுபத்தேழாவது வீடாகத் தன் வீட்டை எழுதினார்.

அதைப் பார்த்துத் தெரு ஒரே நாளில் திருந்திவிட்டது என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். சிலர் அக்காவின் முகத்துக்காக முடித்தார்கள். பலர் இன்னொரு லோடு மணல் என்ன விலை என்று விசாரித்துவிட்டு, இதற்கு வரியே தேவலை என்ற முடிவுக்கு வந்தார்கள். மில்காரர் ஆபீஸ் மாடியையும் முடிக்கச் சொல்லி ஒரு மனு எழுதி நீட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அவர் வீடு இருநூறாவது.

அடுத்த வருடம் குழாய் வந்தது. மூன்றாம் நாள் காலையில் மில்காரர் வரி ரசீதை ஆட்டிக்கொண்டு அக்காவின் வாசலில் வந்து நின்றார்.

"வரி கட்டியிருக்கேன்க்கா. தண்ணி ஏன் நூல் மாதிரி வருது? எனக்கு இன்னைக்கே பதில் தெரியணும்."

இத்தனை வருடத்தில் அந்த ஊரில் யாரும் அவரிடம் இப்படி உரிமையோடு கேட்டதில்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே வந்து உட்காரச் சொல்லி, புகாரை முத்து முத்தாக எழுதிக்கொண்டார்.