கல் விட்ட மூச்சு

அரூர் பள்ளியில் நான் சயின்ஸ் டீச்சராகச் சேர்ந்த புதிது. வெள்ளிக் கிரகத்தின் காற்றில் இருப்பது பெரும்பாலும் கரியமில வாயுதான் என்று பேப்பரில் வந்திருந்தது. அது பாறையிலிருந்து வந்திருக்கும், பள்ளிக் கண்காட்சியில் வைக்கலாம் என்றேன். ஹெட்மாஸ்டர் சிரித்தார்.

“கல்லு மூச்சு விடுமா டீச்சர்? செஞ்சு காட்டுங்க. இல்லன்னா கண்காட்சியில வெக்காதீங்க.”

சுண்ணாம்புக்கல் சுடும் காளவாயிலிருந்து கல் கொண்டுவந்து, ஒருபக்கம் அடைத்த இரும்புக் குழாயில் போட்டு, கடைத்தெருவில் இரும்புப் பட்டறை வைத்திருந்த பாயின் உலையில் வைத்தோம். மறுபக்கம் மாட்டிய ரப்பர் டியூபைத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் விட்டோம். கரியமில வாயு வந்தால் தண்ணீர் வெளுக்கும். வெளுக்கவில்லை. ஹெட்மாஸ்டரோடு கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் எடுத்துவந்தது ஏற்கெனவே வெந்த கல். அதன் வாயு காளவாயிலேயே போய்விட்டது.

“பாய், உலைய அணைச்சிடாதீங்க” என்று ஓடினேன். வேகாத கல்லோடு திரும்பினேன். குழாய் செக்கச் சிவந்தது. குமிழி வந்தது. தண்ணீர் மோராக வெளுத்தது.

ஹெட்மாஸ்டர் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். “கண்காட்சியில முதல் மேஜை உங்களுக்குத்தாங்க டீச்சர்.”

இன்றும் விடிவெள்ளியைப் பார்த்தால் காளவாய்தான் ஞாபகம் வரும். அங்கே கல் வெந்து மூச்சை விட்டுவிட்டது. நாம் வேகாத கல்லின்மேல் குடியிருக்கிறோம்.