உப்பு கேட்டு வந்தவளுக்கு ஓதிய ஃபாத்திஹா

ஷவ்கிக்குத் தொழிலே சுடுதண்ணீர்தான். எங்கள் ஷுப்ரா பேட்டையில் யார் வீட்டு கேஸ் ஹீட்டர் மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பழுது பார்த்து முடித்ததும் கொதிக்கிற தண்ணீரை வடிகாலில் விடுவான். விடுவதற்கு முன் குனிந்து, "தஸ்தூர்" என்பான். கீழே குடியிருக்கிற ஜின்களே, அனுமதி கொடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். எங்கள் அம்மாக்களும் சொன்னதுதான். ஆனால் நரைத்த மீசைக்காரன் ஒருவன் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான் என்றால், அதற்குக் காரணம் ஒரு படம்.

'உப்பு கேட்டு வந்தவள்'. புது மணப்பெண் ஒருத்தி தஸ்தூர் சொல்லாமல் சுடுதண்ணீரைக் கொட்ட, கீழே ஒரு ஜின் குழந்தை வெந்துபோகிறது. அதன் தாய் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி தினமும் வந்து உப்பு கேட்கிறாள். கதை இவ்வளவுதான். தியேட்டரில் ஈ ஓட்டிய படம், பிறகு வீடியோ கேசட்டில் பிழைத்து எங்களைப் போன்ற பைத்தியங்களைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தாயாக நடித்தவள் லவாஹிஸ். படம் முழுக்க ஒரு தடவைகூடக் கத்த மாட்டாள். கதவுச் சட்டத்தில் தோளைச் சாய்த்து, "கொஞ்சம் உப்பு இருக்குமா?" என்பாள். பார்க்கிறவன் எழுந்து போய் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வருவான்.

அதற்குப் பிறகு அவள் எந்தப் படத்திலும் வரவில்லை. இறந்துவிட்டாள் என்று யாரோ எப்போதோ சொன்னார்கள், நாங்கள் நம்பிவிட்டோம். விசாரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ரசிகனுக்குச் செத்த நடிகைதான் வசதி. படம் வெளியான நாளன்று, நாங்கள் வியாழன்தோறும் கூடுகிற காப்பிக்கடை வாசலில், ஷவ்கி தஸ்தூர் சொல்லி ஒரு கெண்டித் தண்ணீரை வடிகாலில் ஊற்றுவான். பிறகு லவாஹிஸின் ஆன்மாவுக்காக எல்லோரும் ஃபாத்திஹா ஓதுவோம். வருடம் தவறாமல் நடந்தது இது.

அப்படியிருக்க, ஒரு சினிமாக் கம்பெனி அந்தப் படத்தைப் புதிதாக எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. காப்பிக்கடை இரண்டாகப் பிளந்தது.

"எடுக்கட்டுமேப்பா," என்றான் ரேடியோ கடை மம்தூஹ். "பழைய பிரிண்டைப் போட்டா, கோடு கோடா ஓடுறதைப் பாத்துட்டு, படம் முழுக்க மழை பெய்யுதான்னு கேக்குறானுங்க இந்தக் காலத்துப் பசங்க."

"பெய்யட்டும். நனைஞ்சா கரைஞ்சா போயிருவானுங்க?" என்றான் ஷவ்கி.

"புதுசு வந்தா உன் கேசட்டை யாராவது புடுங்கப்போறாங்களா?"

"உன் பொண்டாட்டி செத்துட்டா, அவ கவுனை இன்னொருத்திக்கு மாட்டி அழகு பாப்பியாடா நீ?"

"இன்னொருத்தி கெடைக்கட்டும், அப்புறம் சொல்றேன்."

கடையே சிரித்தது. ஷவ்கி மட்டும் சிரிக்கவில்லை. நேரே ஒரு டிவி நிகழ்ச்சிக்குப் போய் உட்கார்ந்தான். "லவாஹிஸ் அம்மா கபர்ல நிம்மதியா தூங்குறாங்க, அவங்களை எழுப்பாதீங்க," என்று சொல்லி, அங்கேயே கையேந்தி ஃபாத்திஹா ஓதினான். கண்ணில் தண்ணீர் வந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே வந்தது. அந்தத் துண்டு ஊரெல்லாம் பரவியது. செத்தவள் பாவம் நமக்கெதற்கு என்று கம்பெனி பின்வாங்கிவிட்டது. நாங்கள் சர்பத் கொடுத்துக் கொண்டாடினோம். இன்ஷிராஹ் டீச்சர் என்கிற நானும் கை வலிக்கத் தட்டினேன்.

அடுத்த வியாழன் சாயங்காலம் ஒரு கிழவி பிளாஸ்டிக் பையோடு வந்து, காப்பிக்கடைக் கதவுச் சட்டத்தில் தோளைச் சாய்த்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இங்க ஷவ்கிங்கிறது யாருப்பா?"

ஷவ்கி எழுந்து நின்றான்.

"உக்காரு தம்பி. எனக்கு ஃபாத்திஹா ஓதின புண்ணியவானைப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். அல்லா ஏத்துக்கட்டும். பின்னாடி ஒதவும்."

மம்தூஹ் நாற்காலியை இழுத்துப் போட்டான். வந்த வெந்தய டீயை ஊதி ஊதிக் குடித்தபடி, கோபமே இல்லாமல் சொன்னாள். கம்பெனிக்காரர்கள் அவளை ஆற்றுக்கு அக்கரையில் இம்பாபாவில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜின் தாய்க்கு ஒரு தாய் வேடம், அவளுக்கென்றே எழுதியது.

"பல்லுகூடக் கட்டிக்கிட்டேன் தம்பி. பல்லில்லாம வசனம் பேசினா காத்துதான் வருது, எவன் பயப்படுவான்? தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அதான் என் புத்தி. இப்ப பக்கத்து வீட்டுக்காரி கேக்குறா, 'செத்துப்போனவளாமே நீ, உனக்கு எங்கிருந்து வேஷம்?'னு."

"அம்மா, எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுதான். கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

டீயை முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பின் ஷவ்கி ஷவ்கியாக இல்லை. கம்பெனி வாசலில் போய் நின்றான். "நீங்கதானேங்க எழுப்பாதீங்கன்னு அழுதீங்க? அந்தப் பணத்துல வேற படம் ஆரம்பிச்சாச்சு," என்றார்கள். டிவிக்குப் போனான். உயிரோடிருக்கிற கிழவி அவர்களுக்குச் செய்தியாகப் படவில்லை. எங்கள் கூட்டத்திலேயே சிலர் அவனைக் கட்சி மாறி என்றார்கள். வேலைக்குப் போன வீடுகளில் ஹீட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்தானாம்.

"டீச்சர், அவங்களை நான்தான் கொன்னேன்," என்றான் ஒருநாள்.

"கொல்லலைடா. எழுந்து வந்தவங்களைத் திரும்பப் படுக்க வெச்சே," என்றேன். என் நாக்கு அப்படி. சொன்ன பிறகு அதைக் கடித்துக்கொண்டு என்ன பயன்?

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும், தனியாகப் போகப் பயந்து என்னையும் இம்பாபாவுக்கு இழுத்துப் போனான். கையில் ஒரு தட்டு பஸ்பூசா, ரவையும் பாகும் சேர்ந்த இனிப்பு. கீழ்த்தளத்தில் ஒற்றை அறை. கதவு பாதி திறந்திருந்தது. லவாஹிஸ் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஷவ்கிக்கு வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. வடிகால் முன் குனிவது போலக் குனிந்து, "தஸ்தூர்" என்றான்.

அவள் திரும்பவில்லை. "சுடுதண்ணியைக் கொட்டுறதுக்கு முன்னாடிதாம்பா அதைக் கேப்பாங்க," என்றாள்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எங்களை உட்காரச் சொன்னாள். பஸ்பூசாவைப் பிட்டு, ஈறாலேயே மெல்ல மெல்ல அரைத்துத் தின்றாள். ஜன்னலில் ஒரு கண்ணாடித் தம்ளரில், தண்ணீருக்குள் புதுப் பல்செட் கிடந்தது. ஷவ்கி எழுந்து, அந்தத் தம்ளரை அவளிடம் எடுத்துக் கொடுக்கப் போனான்.

"அதை அங்கயே வெச்சிடுப்பா," என்றாள். "அது ஷூட்டிங்குக்குக் கட்டினது."