மெஸ்ஸினாவில் மெர்லுக்கு ஒரு நாள்

என் மாமியார் மெர்ல் எழுபது வயதுவரை ஒரு முழு நாளைத் தனியாகக் கழித்ததில்லை. பிறந்தது ஒன்பது பிள்ளைகள் இருந்த வீட்டில். ஒரே கட்டிலில் மூன்று பேர். பத்தொன்பது வயதில் கோல் என்பவரைக் கட்டிக்கொண்டார். மறு வருடமே ஷேன் பிறந்தான், அவனுக்குப் பின் பிரான்வின். ஷேன்தான் என் வீட்டுக்காரர்.

கோல் எங்கள் ஊரான பர்னியின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து மெர்லுடைய நிழல் அவர். மெர்ல் தபால் பெட்டியைத் திறக்கப் போனால்கூடப் பின்னாலேயே போவார்.

"என்ன வந்திருக்கு?"

"கரண்டு பில்லு."

"அப்படியா."

இரண்டு பேரும் சேர்ந்தே திரும்பி வருவார்கள். அதில் சண்டையும் இல்லை, சந்தேகமும் இல்லை. அந்த மனிதருக்கு மெர்ல் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோடையில் எங்கள் ஊருக்குச் சுற்றுலாக் கப்பல்கள் வரும். மெர்ல் ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டிக்கொண்டு, இறங்குகிறவர்களுக்கு ஊர் வரைபடம் கொடுப்பார். பதினாறு வருடமாகச் சம்பளம் இல்லாத வேலை. ஒரு நாள் அவருக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மாலை நான்கு மணி. கப்பலுக்குத் திரும்புகிற கூட்டம் கைநிறையப் பைகளும் முகம் நிறைய எரிச்சலுமாக வந்துகொண்டிருந்தது.

"அதோ பாரு லீ, நீலத் தொப்பி," என்றார் மெர்ல். "காலைல ஒண்டியா இறங்கினா. என்கிட்ட வரைபடம்கூட வாங்கல. சிப்பிக் கறி அடைச்ச பேஸ்ட்ரி ஒண்ணு வாங்கி, மணல்ல உக்காந்து தின்னா. நாள் பூரா அவ்வளவுதான் பண்ணினா. இப்ப அவ மூஞ்சியப் பாரு."

பார்த்தேன். பரிசுச் சீட்டு விழுந்தவள் மாதிரி இருந்தாள்.

"எனக்கு அது வேணும்," என்றார் மெர்ல். "ஏதோ ஒரு ஊரு. ஒரே ஒரு நாள். கூட ஒரு ஈ காக்கா வரக்கூடாது. கோல் காதுல போட்டுடாதே, அந்த மனுஷன் நொந்து போயிடும்."

"சொல்ல மாட்டேன்."

"தெரியும். உன்கிட்ட சொல்றதும் சுவத்துகிட்ட சொல்றதும் ஒண்ணு."

நான் பேச்சில் அப்படித்தான். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம் என்று முடிவு செய்தது பிரான்வின். பார்சிலோனாவில் ஏறி, ஏழு துறைமுகம் பார்த்து, அங்கேயே இறங்க வேண்டும். ஆட்களும் ஏழு பேர்: மெர்ல், கோல், ஷேன், நான், எங்கள் மகள் கிர்ரா, பிரான்வின், அவள் கணவன் டீன். பிரான்வின் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஏழு பேருக்கு ஏழு நிறம் போட்டு ஒரு அட்டவணை தயாரித்து, எங்கள் பின்கட்டில் பார்பிக்யூ நடந்த ஞாயிற்றுக்கிழமை அதை மேசையில் விரித்தாள். கறி வேகுவதற்குள் நான்கு சண்டை. கிர்ராவுக்கு ஒரு ஊரில்கூடத் தேவாலயம் கூடாது. டீனுக்கு எல்லா ஊரிலும் எரிமலை வேண்டும். ஷேனுக்கு மதியம் படுக்க வேண்டும்.

கோல் எழுந்து தன் மீன்பிடித் தொப்பியைக் கழற்றினார். "ஏழு ஊரு பேரையும் எழுதி இதுல போடுங்க. ஆளுக்கு ஒண்ணு எடுங்க. யாரு கையில எந்த ஊரோ, அந்த ஊருல அவங்கதான் ராஜா. அவங்க சொன்னபடிதான் எல்லாரும். முணுமுணுக்கக் கூடாது."

எனக்கு மால்டாவின் வலேட்டா வந்தது. கிர்ராவுக்கு நேப்பிள்ஸ். "மூணு வேளையும் பீட்சா!" என்று கத்திக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி ஓடினாள். டீன் சீட்டைப் பிரித்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டான்.

"மெஸ்ஸினா. அது எங்க இருக்கு? மருந்துக் கடை பேரு மாதிரி இருக்கு."

மெர்ல் தன் சீட்டைப் பிரித்தார். ரோம். எல்லோரும் கைதட்டினோம். பிறந்தநாள்காரிக்கு ரோம் என்றால் சும்மாவா!

"டீன்," என்றார் மெர்ல், "மாத்திக்கலாமா?"

ஷேன் இடுக்கியில் பிடித்திருந்த சாசேஜ் புல்லில் விழுந்தது.

"ரோமையா?" என்றான் டீன். "அத்தே, நல்லாத்தான் இருக்கீங்களா?"

"கொடுக்கறப்ப வாங்கிக்கோடா."

"அம்மா எவ்வளவு பெரிய மனசு பாருங்க," என்று பிரான்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மெர்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஸ்ஸினாவில் கப்பல் ஊரை ஒட்டியே நிற்கும், படி இறங்கினால் தெரு என்று அவர் முந்தின வாரமே நூலகத்தில் படித்துவிட்டு வந்திருந்தார். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் ராஜ கட்டளை வந்தது. மெஸ்ஸினாவில் ஆளுக்கொரு பக்கம். டீனும் ஷேனும் எட்னா எரிமலைக்கு ஜீப்பில். பிரான்வினும் கிர்ராவும் மலைமேல் இருக்கும் தவோர்மினாவுக்குப் பேருந்தில், அங்கே செருப்புக் கடைகள் ஏராளம்.

"அப்போ நான்?" என்றார் கோல். "நீ எங்க போறியோ அங்க நானும் வரேன்."

மெர்ல் ஒரு படத்தை அவர் முன்னால் வைத்தார். ஒரு கப்பல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, ரயில் ஒன்று அதற்குள் போய்க்கொண்டிருக்கிறது. மெஸ்ஸினாவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவில் ரயிலையே கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகிறார்களாம், உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணிகளோடு. நாற்பது வருடம் கப்பலில் சரக்கு ஏற்றிய மனிதர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எத்தனை பெட்டி ஏத்துவான்?"

"போய்ப் பாத்துட்டு வாயேன். லீ துணைக்கு வருவா. திரும்பறப்ப சாதாரணப் படகு, அரை மணி நேரம்."

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிரான்வின் அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருப்பதைக் கண்டுபிடித்தாள்.

"நீங்க எங்கம்மா போறீங்க?"

"எனக்கு முட்டி வலி. கப்பல்லயே இருந்துக்கறேன்."

"அப்படின்னா நானும் உங்களோட இருக்கேன். செருப்பு எங்க ஓடிடப் போகுது?"

மறு வாரம் மெர்லுக்கு முட்டி குணமாகிவிட்டது. சமையலறையில் இரண்டு முறை குந்தி எழுந்து காட்டினார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு! அப்ப நீங்களும் தவோர்மினாவுக்கு வாங்க."

அடுத்த வாரம் வலி திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரம் பாதி வலி. இப்படியே ஒரு மாதம். ஒரு நாள் அவர் நொண்டிக்கொண்டே தட்டுகளை எடுத்துப் போகையில் கிர்ரா நிமிர்ந்து பார்த்தாள்.

"பாட்டி, போன வாரம் அந்தக் காலுதானே?"

"இடம் மாறுதுடி. வயசான வலி அப்படித்தான்."

நான் குழாயைத் திறந்துவிட்டுச் சட்டி தேய்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். சிரிப்பு வெளியே கேட்டுவிடக் கூடாதே. கடைசியில், கப்பலில் ஒரு மருத்துவரும் இரண்டு செவிலியரும் இருக்கிறார்கள் என்று மெர்ல் விளம்பரத் தாளில் தேடிக் காட்டியபின், அரை மனதோடு பிரான்வின் அந்தக் கட்டத்தில் 'அம்மா: ஓய்வு' என்று எழுதினாள்.

பயணம் நன்றாகவே போனது. ரோமில் டீன் ராஜாவாக இருந்து எங்களை வழி தவற வைத்தான். நேப்பிள்ஸில் கிர்ரா மூன்றாவது பீட்சாவில் அழுதாள். மறுநாள் காலை மெஸ்ஸினா.

எட்டு மணிக்குக் கப்பலின் நாடக அரங்கில் எல்லோரும் கூடினோம். சுற்றுலா போகிறவர்களுக்கு மார்பில் எண் ஒட்டுவார்கள். டீனுக்கும் ஷேனுக்கும் ஒன்பது, பிரான்வினுக்கும் கிர்ராவுக்கும் பதினான்கு. எங்களுக்கு எண் கிடையாது, நானும் கோலும் சொந்தமாகப் போகிறவர்கள். மெர்ல் வழியனுப்ப வந்தவர்போல ஓரமாக, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பச்சைச் சட்டை. உதட்டில் சாயம். அதை யாரும் கவனிக்கவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. மலையில் பலத்த காற்று, எட்னா பயணம் ரத்து, ஒன்பதாம் எண்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

"போச்சுடா!" என்றான் டீன்.

ஷேன் மார்பிலிருந்த ஒன்பதைப் பிய்த்து நாற்காலியில் ஒட்டினார். "பரவாயில்ல மச்சான். அம்மா தனியாத்தானே இருக்காங்க. இன்னிக்கு நாம ரெண்டு பேரும் அம்மாவோட. சக்கர நாற்காலி கேட்டு வாங்கி ஊர்ப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போவோம்."

"சூப்பர்! அத்தே, நான்தான் தள்ளுவேன்!"

"வேணாம்டா கண்ணுங்களா," என்றார் மெர்ல். "நீங்க ஜாலியா..."

"அதெல்லாம் பேசக் கூடாது."

மெர்ல் சிரித்தார். கைப்பையின் வார் மட்டும் அவர் விரல்களில் இறுகிக்கொண்டே போனது. பிறகு மெல்ல விட்டுவிட்டார். அந்தச் சாயம் பூசிய உதட்டைப் பார்த்தேன். என் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அந்தப் படகுல," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் கூட்டத்தில் வாயைத் திறந்து அவர்கள் பார்த்ததில்லை.

"அந்த ரயில் படகுல ஒரு சோத்து உருண்டை விக்கறாங்க. உள்ள கறி வச்சு, எண்ணெயில பொரிச்சது. இந்த ஊருல அதுக்கு அவ்வளவு பேரு. ஒண்ணு கிரிக்கெட் பந்து சைஸ் இருக்குமாம்."

இதுவரை சொன்னது உண்மை, நூலகப் புத்தகத்தில் இருந்தது. மேலே சொன்னது என் சொந்தக் கற்பனை.

"வெளியூர்க்காரங்க யாரும் மூணுக்கு மேல தின்னதே இல்லையாம். அங்க போர்டே போட்டு வச்சிருக்காங்களாம்."

ஷேனும் டீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணா?" என்றான் டீன்.

"நான் அஞ்சு," என்றார் ஷேன்.

"போடா, உனக்கு ரெண்டாவதுலயே கண்ணு சொருகும்."

"பந்தயம்?"

"வாடா மச்சான்! மாமா, எழுந்திருங்க, ரயில் போயிடப் போகுது!"

மூன்று பேரும் வாசல்வரை போய்விட்டார்கள். நான் மூச்சு விட்டேன். அதற்குள் பிரான்வின் என் தோளைத் தட்டினாள்.

"ஆம்பளைங்க ரெண்டு பேரு அப்பாவப் பாத்துப்பாங்க லீ. நீ எதுக்கு? அம்மாகூட இருந்துடு. ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதே. சரியா?"

"சரி," என்றேன். வேறென்ன சொல்ல?

அரங்கம் காலியானது. நானும் மெர்லும் படி இறங்கித் துறையில் நின்றோம். எதிரே தெரு, டிராம் வண்டி, காபி வாசனை, யாரோ யாரையோ திட்டும் சத்தம்.

"வா லீ," என்றார் மெர்ல். "நீ கூட வந்தா எனக்குத் தொந்தரவே இல்ல. நிஜமாத்தான்." அதை அன்பாகச் சொன்னார். அதனாலேயே எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் வரல."

"என்னது?"

"நான் கப்பல்லயே இருக்கேன். அஞ்சரைக்கு எல்லாரும் ஏறிடணும். போங்க மெர்ல்."

"பிரான்வின் கேட்டா?"

"போங்கன்னு சொல்றேன்ல!"

என் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தார். அப்புறம் அவர் நடந்த வேகத்தைப் பார்க்க வேண்டும்! எந்த முட்டியும் எங்கேயும் வலித்ததாகத் தெரியவில்லை. தெருமுனையில் இடமா வலமா என்று நின்றார், இரண்டு பக்கமும் பார்த்தார், கேட்க ஆள் இல்லாத சந்தோஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இடப்பக்கம் மறைந்தார்.

நாலரைக்கு ஆண்கள் திரும்பினார்கள். டீன் ஐந்து உருண்டை, ஷேன் நாலரை. இரண்டு பேரும் வெளிறிப்போய், தளத்துச் சாய்வு நாற்காலிகளில் சரிந்தார்கள். ஐந்து மணிக்கு ஏழு ஜோடிச் செருப்போடு பிரான்வினும் கிர்ராவும் வந்தார்கள்.

"அம்மா எங்க?"

"தூங்கறாங்க."

"முட்டி எப்படி இருக்கு?"

"அதுவும் தூங்குது."

பிரான்வின் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஐந்து பத்து. ஐந்து இருபது. கம்பியைப் பிடித்துக்கொண்டு துறையைப் பார்த்தபடியே நின்றேன். கோல் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் துறையைப் பார்த்தார். கீழே ஊழியர்கள் ஏறுபடியின் கயிறுகளை அவிழ்க்கத் தயாராக நின்றார்கள்.

அப்போது தெருவிலிருந்து ஒரு பச்சைச் சட்டை ஓடி வந்தது. கையில் செருப்பு, வெறுங்கால், தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எழுபது வயதில் அப்படி ஒரு ஓட்டம். ஓடிக்கொண்டே சிரிக்கிறார், சிரிப்பு தாளாமல் நிற்கிறார், மறுபடி ஓடுகிறார்.

"லீ," என்றார் கோல் மெதுவாக, "அந்தப் பச்சைச் சட்டை யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெ... தெரியலையே."

"எனக்கும் தெரியல," என்றார். ஒரு நிமிடம் கண் எடுக்காமல் பார்த்தார். நொந்துபோன முகம் இல்லை அது. பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினார். பிரான்வின் அம்மாவை எழுப்புவதற்காகப் படிக்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவர் குறுக்கே போய் நின்றார்.

"பிரான்வின்! ரயில எப்படிக் கப்பல்ல ஏத்தறான்னு உனக்கு யாராவது சொன்னாங்களா?"

"அப்புறம் கேக்கறேன்பா. அம்மாவ..."

"மூணாப் பிரிச்சிடறான்! முழு ரயிலையும் மூணாப் பிரிச்சு, ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா... இரு, இப்படி உக்காரு, காட்டறேன்."

மேசையிலிருந்த காபிக் கோப்பைகளைப் பெட்டிகளாக வரிசை வைத்தார். சர்க்கரைக் கிண்ணம் எஞ்சின். கரண்டிகள் தண்டவாளம். ஒவ்வொரு பெட்டியாக ஏற்றினார், சங்கிலி போட்டார், ஒன்று சாய்கிறதே என்று இறக்கி மறுபடி ஏற்றினார். முக்கால் மணி நேரம். கப்பல் கரையை விட்டு விலகியதைக்கூடப் பிரான்வின் கவனிக்கவில்லை.

இரவு உணவுக்கு மெர்ல் தலைமுடியைத் துண்டால் துவட்டிக்கொண்டே வந்தார். குளித்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கோல் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். எங்கே, என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பாவம்மா நீங்க," என்றாள் பிரான்வின். "நாள் பூரா என்னதான் பண்ணினீங்க?"

"ஒண்ணுமே பண்ணலடி," என்றார் மெர்ல். அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, மறுபடியும் சொன்னார்: "ஒண்ணுமே பண்ணல!"