கார் இல்லாத வீட்டின் கரண்ட் கதவு

காரே இல்லாதவனுக்குக் கார் ஷெட்டில் கரண்ட் கதவு எதற்கு என்று எதிர்வீட்டுக்காரி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தினம் சாயந்திரம் கதவு தானாக மேலே போனதாம், கீழே வந்ததாம், உள்ளே எதையோ பதுக்கியிருந்தானாம். பதுக்குகிறவன் கதவை ஊருக்கே திறந்து காட்டுவானா? ஒரு சுவர் தள்ளிக் குடியிருக்கிற எனக்குத் தெரியாதது அவளுக்கு எப்படித் தெரியும்? உள்ளே கூட்டித் துடைத்த சிமெண்ட் தரை. அவ்வளவுதான்.

தெருவில் அவனுக்கு மெயின்காரர் என்று பெயர். யாரைப் பார்த்தாலும் சௌக்கியமா என்று கேட்கமாட்டான், "மெயினை அணைச்சாச்சா?" என்பான். கார் ஷெட்டுகளுக்குத் தானாகத் திறக்கிற கதவு மாட்டிக் கரண்ட் கொடுப்பது தொழில். போகிற வீட்டிலெல்லாம் முதலில் மெயினை அணைப்பான், பெட்டியைப் பூட்டுவான், சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பையின் பொத்தானையும் மாட்டுவான். எங்கள் வீட்டு வேலையின்போது என் மருமகள், "ஃப்ரிட்ஜ்ல ஐஸெல்லாம் உருகுதுண்ணா!" என்று சத்தம் போட்டாள். "ஐஸ் மறுபடி உறைஞ்சுடும்மா. நான் ஏணி மேல இருக்கேன், நான் உருகினா?" என்றான்.

அணைத்த பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பான். அது எரியாவிட்டாலும் நம்பமாட்டான். பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, ஏதாவது ஒரு ப்ளக்கில் அதே டெஸ்டரை வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவான். "டெஸ்டரே செத்துக் கிடந்தா பொய் சொல்லும் இல்ல?" கையில் டெஸ்டரோடு கண்ட வீட்டில் நுழைகிறான் என்று பேச்சுக் கிளம்பியது இப்படித்தான்.

என் மகன், "எக்ஸ்டென்ஷன் வயர்ல இழுத்துக்கலாமே" என்றதும் ஏணியையே மடக்கிவிட்டான். "மோட்டாருக்கு மேல தனி ப்ளக், எர்த்தோட. போர்டுலேருந்து தனி லைன். இல்லைன்னா வேற ஆளைப் பாருங்க தம்பி." வாசலின் இரண்டு பக்கமும் கதவுக்குக் கண் வைப்பான், தவழ்கிற குழந்தையின் உயரத்தில். குறுக்கே எது வந்தாலும் இறங்குகிற கதவு திரும்ப ஏறிவிட வேண்டும். கடைசியில் தரையில் ஒரு கட்டையைப் போட்டுக் கதவை இறக்குவான். கட்டையைத் தொட்டதும் அது மேலே போனால்தான் ரிமோட் நம் கைக்கு வரும்.

மகளை அடித்து விரட்டினான் என்பது அடுத்த பேச்சு. அடித்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. பெண்டாட்டி போனபிறகு ஒற்றை ஆளாக வளர்த்த பெண். சம்பாதிக்கிறவள், அந்த ஷெட்டில் நின்ற கார்கூட அவளுடையதுதான். ஒருநாள் தன்னோடு வேலை பார்க்கிறவர்களை அழைத்து வந்தாள். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு எல்லாருக்கும் ஷெட்டைக் காட்டினாள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சுவர்ப் பட்டனை அமுக்கினாள். இறங்குகிற கதவுக்கடியில் குனிந்து, அந்தக் கண்ணையும் தாண்டிக் குதித்து விளையாட்டாக ஓடி வந்தாள். கண்ணில் படாததால் கதவு நிற்கவே இல்லை. அத்தனை பேர் முன்னால் இவன் கை நீண்டுவிட்டது. அடித்த கையாலேயே, கதவு எங்கேயாவது இடித்துவிட்டதா என்று அவள் தலையைத் தடவிப் பார்த்தான். அதை எதிர்வீட்டுக்காரி பார்த்தாளா?

"இனிமே இந்தக் கதவுக்குள்ள வரமாட்டேம்பா" என்று காரில் ஏறிப் போனவள்தான். போனையும் எடுப்பதில்லை. கதவின் ரிமோட் அந்தக் காரிலேயே போய்விட்டது.

"ரிமோட் யார் கையில சிக்குமோ, அதைச் செல்லாம பண்ணிடுங்க சார்" என்று எதிர்வீட்டுக்காரர் புத்தி சொன்னார். "அது செல்லணும் சார்" என்று சொல்லிவிட்டு இவன் உள்ளே போய்விட்டான்.

அதன்பிறகுதான் அந்தச் சாயந்திர வேலை. கதவின் இரண்டு கண்களிலும் சிலந்தி கட்டியதைத் துண்டு நுனியால் துடைப்பான். கதவை ஒருதரம் ஏற்றுவான், இறக்குவான். "யாருக்குத் தம்பி இதெல்லாம்?" என்று கேட்டேன். "மோட்டார் சும்மா கிடந்தா இறுகிடும்க்கா." அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்கும். ஒரே தட்டு.

ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போனதும் தங்கை வந்து தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். "நான் வந்துட்டா, அவ இங்க வந்து நின்னா?" என்றான். "நின்னா போன் பண்ணமாட்டாளாண்ணே?" என்றாள் தங்கை.

கிளம்புகிற அன்று பை எடுத்துக்கொடுக்கப் போயிருந்தேன். கைத்தடியோடு போர்டு முன்னால் நின்றான். எங்கே கிளம்பினாலும் மெயினையே அணைக்கிறவன், அன்று மெயினைத் தொடவில்லை. சுவிட்சுகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினான். விளக்குப் போனது. ஃப்ரிட்ஜின் முனகல் நின்றது. கடைசியில் இருந்தது கதவுக்குப் போகிற தனி லைன். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அவன் ஒட்டிய மஞ்சள் டேப் தெரியும். அதன்மேல் விரலை வைத்தான். நன்றாக மேலே ஏறியிருக்கிறதா என்று ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டு, வாசல் வழியாக வெளியே நடந்தான்.