கன்னியாவில் கழற்றாத தாலி

வெருகல் முருகனைக் கும்பிடுகிற உங்களுக்கு இதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு செமிக்காது. அதனால் எழுதுகிறேன்.

ஆனி மாதம், கச்சான் காற்று வீசுகிற காலம். என் கணவர் யோகன் வேறு மூன்று பேரோடு பலநாள் படகில் திருகோணமலையிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர். ஆறாம் நாள் இயந்திரம் நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அதோடு ரேடியோவும் நின்றது. தேடப் போன படகுகள் சும்மா திரும்பி வந்தன.

ரேடியோ நின்ற நாளிலிருந்து என் மாமி, அவரைப் பெற்ற தாய், நாள் எண்ணத் தொடங்கினார். நானும் எண்ணினேன். நான் எண்ணியது அவர் வருவதற்கு. மாமி எண்ணியது, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிக் காரியத்துக்கு.

"என்ர பிள்ளை தண்ணிக்க கிடந்து அலையுது," என்றார் மாமி. "கன்னியாவில காரியம் செய்தாத்தான் அவனுக்கு வழி கிடைக்கும். நீ தாலியோட நிண்டு அவனை மறிக்கிறாய், பிள்ளை."

"மாமி, நீங்கள் உடம்பைக் கண்டனீங்களோ?"

மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் கொடுமைக்காரி இல்லை. பெற்ற வயிறு எரிந்து பேசினார். அது எனக்கு விளங்கியது, அதனால்தான் இன்னும் வலித்தது.

கன்னியாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருகோணமலை நகரத்துக்கு மேற்கே, கொஞ்சத் தூரத்தில் ஏழு சின்னக் கிணறுகள். சதுரமாகக் கட்டினவை, எட்டிப் பார்த்தால் அடி தெரியும். ஏழும் வெந்நீர் ஊற்று. ஒன்றின் சூடு மற்றதில் இருக்காது. தாய் இறந்துவிட்டாள் என்று ஒரு கிழவர் வந்து சொல்லக் கேட்ட இராவணன், அவளுக்குக் கடன் கழிக்க வாளால் ஏழு இடத்தில் குத்த, ஊற்று பிறந்தது என்பது கதை. அதனால்தான் எங்கள் ஆட்கள் அந்தியேட்டிக்கு அங்கே போகிறார்கள். சண்டைக் காலத்தில் நினைத்தவுடன் போக ஏலாத இடம். இப்போது நிலாவெளியில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். வாதம், மூட்டுவலி என்று குளிக்க வருகிறவர்களும் நிறையப் பேர்.

முப்பத்தோராம் நாள் காலை நானும் போனேன். எங்கள் ஊர் கட்டைபறிச்சானிலிருந்து எல்லோரும் ஒரே வேனில் போனோம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் பையில் ஒரு வெள்ளைச் சேலை இருந்தது. ஒருவரும் தரவில்லை, நானே மடித்து வைத்தேன். என் நம்பிக்கை அன்று அந்தளவுதான்.

என் கணவருடைய தம்பி காரியத்துக்கு ஆயத்தம் செய்ய, நான் கிணற்றடிக்குப் போனேன். கிண்ணியா என்கிற ஊரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மா அங்கே முழங்காலுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, வாளியை நீட்டினார்.

"ஏழு கிணத்திலயும் அள்ளி ஊத்துங்க புள்ள. ஒண்டையும் விட்டுராதீங்க. ரெண்டு மாசமா மடக்க ஏலாத கால், இப்ப மடங்குது."

அந்த வாளியைக் கையில் பிடித்தபடி நின்றேன். செத்தவருக்கும் இதே தண்ணீர். பிழைக்க வந்தவருக்கும் இதே தண்ணீர். அந்த இராவணனும் தாயின் உடம்பைக் கண்டானா? ஒரு கிழவர் வந்து சொன்னதைத்தானே நம்பினான்?

முதல் வாளியை ஊற்றினேன். "முருகா, ஆளைக் கொண்டு வந்து தா." இரண்டாவது. மூன்றாவது. சூடு உச்சியில் இறங்க இறங்க எனக்குள் இருந்த பயம் கோபமாக மாறியது. ஏழாவது வாளியில் நேர்த்தி வைத்தேன். "ஆவணித் திருவிழாவுக்கு அவரோடுதான் வெருகலுக்கு வருவேன். தனிய வரமாட்டேன். அது உன் பாடு."

ஈரத்தோடு போய் நின்றேன். குருக்கள் ஐயா, "திதி எண்டைக்கு?" என்று கேட்டார். தம்பி மாமியைப் பார்த்தார். 

"ஐயா, என்ர மனிசன் செத்த நாள் ஆருக்கும் தெரியாது," என்றேன். "தெரிஞ்ச ஆள் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நான் தாலி கழட்ட மாட்டன்."

குருக்கள் ஐயா என் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தார். பிறகு தர்ப்பையைச் சுருட்டி வைத்தார். "பொஞ்சாதி ஓம் எண்டு சொல்லாமல் நான் செய்ய ஏலாது. பொறுத்துப் பாருங்கோ."

அதன் பிறகு பதினொரு நாள் மாமி என்னோடு கதைக்கவில்லை. என் கையால் சாப்பிடவும் இல்லை. குசினியில் இரண்டு அடுப்பு எரிந்தது. பிள்ளையைப் பேயாக அலைய விட்டவள் என்று ஊரும் சொன்னது. தினமும் விளக்கேற்றி அதே ஒரு வரியைக் கேட்டேன். அழுதுகொண்டும் கேட்டேன், சண்டை பிடித்தும் கேட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நான்தான். என்ர படத்துக்கு மாலை போட்டாச்சோ?"

செதிலோடு இருந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். "மாமி!" என்று கத்தினேன். ஓடிப்போய் போனை அவர் காதில் வைத்தேன்.

இந்தோனேசியாப் பக்கம் ஒரு சரக்குக் கப்பல் அவர்களைக் கண்டு ஏற்றியிருக்கிறது. மழைத் தண்ணீரும் பச்சை மீனுமாகக் கிடந்து, நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள். நான் கன்னியாவில் கேட்ட அன்றைக்குத்தான் கப்பல் கண்டது என்று எழுதினால் உங்களுக்குப் புல்லரிக்கும். எந்த நாள் என்று அவருக்கே தெரியாது. தெரியாததை முருகன் பெயரில் சொல்ல மாட்டேன்.

ஆவணியில் வந்து இறங்கினார். உடம்பெல்லாம் உப்புப் புண். ஆறத் தொடங்கியதும் மாமியே அவரைக் கன்னியாவுக்குக் கூட்டிப்போனார். ஏழு கிணற்றிலும் அள்ளி, ஒன்று இரண்டு என்று எண்ணி மகன் தலையில் ஊற்றினார். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை அவிழ்த்தார். அந்தியேட்டிக்கு வாங்கிய எள்ளைச் சர்க்கரை போட்டு உருண்டை பிடித்திருந்தார். "தின்னடா," என்றார். அது எதற்கு வாங்கிய எள் என்று என் கணவருக்குத் தெரியாது, இரண்டைத் தின்றார். மாமி என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அழுதோம். அந்தத் திருவிழாவுக்கு வெருகலுக்கு மூன்று பேராகப் போனோம்.

திரும்பி வராதவர்களின் வீடுகளும் எங்கள் கரையில் உண்டு. அவர்கள் குறைவாகக் கேட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனக்குக் கிடைத்ததை மட்டும் சொல்கிறேன். முன்பு நான் பயந்தபோது கும்பிட்டவள். இப்போது கும்பிட்டுவிட்டுப் பயப்படாமல் இருக்கப் பழகுகிறேன். உங்களுக்கும் ஒரு முப்பத்தோராம் நாள் வந்தால், ஊர் எண்ணுகிற எண்ணிக்கைக்குத் தலையாட்டாதீர்கள். முருகன் வாசலில் பிடிவாதமாக நின்று கேளுங்கள். வெள்ளைச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவளையும் அவன் தள்ளவில்லை.

எங்கள் குசினியில் இப்போது ஓர் அடுப்புத்தான் எரிகிறது.